மூடி இறுகினால் போதும் என்று நம்பிய காலம்: பிரஷர் கேனர் அனுபவங்கள்

தொடங்கியவர்:

காய்களைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துச் சேமிக்கும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவற்றில் முதல் நான்கு ஆண்டுகள் நான் பின்பற்றியது ஆபத்தான முறை. அதே முறையை இன்றும் நம்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

பீன்ஸை நறுக்கி ஜாடியில் நிரப்பி, உப்பு நீர் ஊற்றி, மூடியைத் திருகி, ஜாடிகள் முழுவதும் மூழ்கும்படி தண்ணீர் வைத்து மூன்று மணி நேரம் கொதிக்க விடுவேன். வெளியே எடுத்து ஆற வைக்கும்போது மூடியின் நடுப்பகுதி 'டக்' என்று உள்வாங்கும். அந்த ஓசை கேட்டுவிட்டால் ஜாடி ஓராண்டுக்குக் கெடாது என்றே நினைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளில் ஒரு ஜாடியும் நாறவில்லை, ஒரு மூடியும் உப்பவில்லை. ஆகவே என் முறை சரியானது என்பதற்கு அதுவே சான்று என்று எண்ணிக்கொண்டேன்.

நுண்ணுயிரியல் படித்த தோழி ஒருத்தி என் அலமாரியைப் பார்த்துவிட்டு, இவற்றை எந்த வெப்பநிலையில் வைத்தாய் என்று கேட்டாள். கொதிநீரில் என்றேன். அவள் உடனே சொன்னது 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்தில் நடந்த துயரத்தை. அந்த விருந்துக்குப் பின் 29 பேருக்குப் பாட்டுலிசம் என்னும் நச்சுப் பாதிப்பு ஏற்பட்டது; ஒருவர் இறந்தார். விருந்தில் இருந்த உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வீட்டில் ஜாடியில் அடைத்த கிழங்கைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஜாடிகளைப் பிரஷர் கேனரில், அதாவது நீராவியின் அழுத்தத்தில் ஜாடிகளைச் சூடாக்கும் பெரிய பாத்திரத்தில் வைக்காமல், நான் செய்ததைப் போலவே கொதிநீரில் மட்டும் வைத்திருந்தார்கள்.

காரணத்தை அவள் விளக்கியபோதுதான் என் நம்பிக்கை எங்கே பிழைத்தது என்பது புரிந்தது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் இயல்பாகவே இருப்பது. அதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் அதன் வடிவங்கள், மண்ணோடு சேர்ந்து காய்களிலும் ஒட்டியிருக்கும். பாக்டீரியா கொதிநீரில் செத்தாலும் வித்துகள் சாவதில்லை, எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அந்த வித்துகளை நியாயமான நேரத்துக்குள் அழிக்க 116 முதல் 121 டிகிரி வரை வெப்பம் வேண்டும். அதை நீராவியின் அழுத்தத்தால் மட்டுமே பெற முடியும். தப்பிய வித்து காற்றில்லாத, புளிப்புக் குறைந்த, அறை வெப்பத்தில் இருக்கும் ஈரமான உணவில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நான் நான்கு ஆண்டுகளாக மகிழ்ந்து கேட்ட அந்த 'டக்' ஓசைதான் அதற்குக் காற்றில்லாத இடத்தை அமைத்துக் கொடுத்திருக்கிறது என்பதை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த நஞ்சுக்கு மணமோ நிறமோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இத்தனை காலம் நாங்கள் தப்பியதற்கு என் கவனம் காரணமல்ல.

பதினான்கு ஜாடிகளையும் திறக்காமலேயே தடித்த பையில் கட்டிக் குப்பையில் சேர்த்தேன். திறந்து ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவு செய்து கேட்காதீர்கள். ஒரு துளி கூட ஆபத்தாகலாம்.

பிறகு பிரஷர் கேனர் வாங்கினேன். முதல் நாள் பயமாகவே இருந்தது. அடியில் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் ஊற்றி, தட்டின் மேல் ஜாடிகளை அடுக்கி, மூடியைப் பூட்டியவுடன் வெயிட்டைப் போட்டுவிடக் கூடாது. முதலில் நீராவி துளை வழியே பத்து நிமிடம் தடையின்றி வெளியேற வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தம் சரியாக இருந்தாலும் வெப்பம் அதற்குரிய அளவை எட்டாது. இந்தப் பத்து நிமிடத்தைப் பலர் வீண் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள். மொத்த வேலையிலும் குறைக்கவே கூடாதது அதுதான் என்பேன். அதன் பிறகே பத்து பவுண்டு வெயிட்டை, அதாவது சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு அழுத்தத்தை நிலைநிறுத்தும் வெயிட்டை வைத்தேன். அது ஆடத் தொடங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பைண்ட் என்று சொல்லும் ஏறத்தாழ அரை லிட்டர் ஜாடியில் அடைத்த பீன்ஸுக்கு இருபது நிமிடம்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் ஓசை அதிகம் என்று அடுப்பைக் குறைத்தேன். சற்று அதிகமாகவே குறைத்துவிட்டேன், வெயிட் ஆடுவது நின்றது. மீதி எட்டு நிமிடம் வைத்தால் போதாதா என்று மனம் சொன்னது. போதாது. அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் அந்த அளவுக்கு ஏற்றி, இருபது நிமிடத்தையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அப்படியே செய்தேன். பீன்ஸ் சற்றுக் குழைந்தது. ஆனால் அந்த ஏழு ஜாடிகளைத்தான் முதன்முதலாகச் சந்தேகமின்றி அலமாரியில் வைத்தேன்.

மலைப்பகுதியில் வசிக்கும் உறுப்பினர்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்தபின் என் பிழையையும் எழுதத் துணிகிறேன். நான் தொடக்கத்திலிருந்தே பிரஷர் கேனரில்தான் செய்தேன். அப்படியிருந்தும் இரண்டு முறை அடைத்த இறைச்சிச் சாற்றை முழுவதும் கொட்ட நேர்ந்தது.

எங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த உண்மை தெரிந்திருந்தும், மூடிய கேனருக்குள் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேனரின் கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், முள் சமவெளியில் காட்டும் அதே எண்ணைக் காட்டினாலும் உள்ளே மொத்த அழுத்தம் குறைவாகவே இருக்கும், வெப்பமும் குறைந்துவிடும். முள் வைத்த கேஜுக்குச் சமவெளியில் உரிய 11 பவுண்டிலேயே நான் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேஜுக்கு எங்கள் உயரத்தில் 13 பவுண்டு வேண்டும். வெயிட் வைக்கும் வகையானால், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் இருக்கும் எந்த ஊரிலும் 15 பவுண்டு வெயிட்டையே போட வேண்டும். உயரத்துக்காக மாற்ற வேண்டியது அழுத்தத்தைத்தான். பிரஷர் கேனரில் நேரம் மாறுவதில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் இதை அறிந்தேன். ஜாடிகள் அனைத்தும் நன்றாக இறுகியிருந்தன, சாறு தெளிவாக இருந்தது. கொட்டும்போது மனம் வலித்தது, ஏனென்றால் எலும்பை இரண்டு நாள் கொதிக்க வைத்துத் தயாரித்த சாறு அது. அதன்பின் கேஜையும் சோதிக்கக் கொடுத்தேன். அது உண்மையான அழுத்தத்தைவிட இரண்டு பவுண்டு கூடுதலாகக் காட்டியது. ஆக, இரு வகையிலும் குறைவான வெப்பத்திலேயே வைத்திருக்கிறேன். முள் வைத்த கேஜை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்பது கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. புதிய கேஜ் வாங்கிய கையோடு வெயிட் வகைக்கே மாறிவிட்டேன். வெயிட்டுக்கு ஆண்டுதோறும் சோதனை தேவையில்லை, ஓசையை வைத்தே அழுத்தம் நிற்பது தெரியும்.

மற்றோர் உறுப்பினர்:

என் அனுபவம் சிறியது. கேரட் அடைத்த அன்று நேரம் முடிந்ததும் வெளியே செல்ல வேண்டிய அவசரத்தில், அடுப்பை அணைத்த சில நிமிடங்களிலேயே வெயிட்டைத் தூக்கினேன். கேனரின் அழுத்தம் சட்டென்று இறங்க, ஜாடிகளுக்குள் இருந்த நீர் கொதித்துப் பொங்கி மூடியின் இடுக்கு வழியே வெளியேறியது. ஏழு ஜாடிகளில் மூன்று இறுகவில்லை. ஒன்றில் பாதிக்கும் குறைவான நீரே எஞ்சியது. அவற்றை அன்றே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் சாப்பிட்டு முடித்தோம். இப்போது அழுத்தம் தானாகவே முழுமையாக இறங்கும் வரை கேனரைத் தொடுவதில்லை. இறங்கியபின் வெயிட்டை எடுத்துவிட்டு மேலும் பத்து நிமிடம் பொறுத்து, நீராவி முகத்தில் படாதபடி மூடியை எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்கிறேன்.

ஜாடியை நிரப்பும்போது விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் இடைவெளி விடாததும் நீர் பொங்கியதற்கு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. ஜாடியைத் ததும்ப நிரப்பினால் உணவு விளிம்பில் படிந்து மூடி பிடிக்காமல் போகிறது.

புதிய உறுப்பினர்:

அக்கா, என்னிடம் இருப்பது வழக்கமான சமையல் பிரஷர் குக்கர்தான். அதிலும் 15 பவுண்டு அழுத்தம் வருகிறதே, அதில் இரண்டு மூன்று ஜாடிகளை வைத்துச் செய்யக் கூடாதா? தக்காளிக்கும் கேனர் கட்டாயமா?

தொடங்கியவர்:

தம்பி, குக்கரில் செய்ய வேண்டாம். எண்ணளவில் அழுத்தம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கையேடுகளில் உள்ள நேரங்களைப் பெரிய கேனரை வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். அது மெல்லச் சூடேறி மெல்ல ஆறுகிறது. அந்த நேரத்திலும் வித்துகள் அழிவது கணக்கில் சேர்ந்தே இருக்கிறது. சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுவதால் அந்தப் பங்கு கிடைக்காது. எத்தனை நிமிடம் கூட்டினால் அது ஈடாகும் என்று வீட்டில் அளந்து சொல்ல நம்மிடம் கருவி எதுவும் இல்லை. கால் பகுதி காலன் அளவுள்ள, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஜாடிகள் குறைந்தது நான்கு நிற்கும் பாத்திரத்தையே அமெரிக்க வேளாண் துறையின் கையேடு கேனர் என்று ஏற்கிறது.

தக்காளிக்குக் கொதிநீர் முறையே போதும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தக்காளியின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; கூடினால் புளிப்பு குறைவு) கொதிநீர் முறைக்குரிய 4.6 என்ற எல்லையை ஒட்டியே இருக்கிறது, சில வகைகளில் அதைத் தாண்டியும் விடுகிறது. ஆகவே பைண்ட் ஜாடி ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும், அதுவும் புட்டியில் அடைத்து விற்கும் சாறு. பிழிந்த பழத்தின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். புட்டிச் சாற்றில் அது ஒரே அளவில் இருக்கும். சுவைக்காகச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள், சாற்றின் அளவைக் குறைக்காதீர்கள். அத்துடன் வெங்காயம், மிளகாய், காளான் என்று கைக்கு வந்ததைக் கலந்தால் அது தக்காளி ஜாடி அல்ல. புளிப்புக் குறைந்த கலவை, சோதித்த செய்முறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கேனர் வாங்கும் வரை பீன்ஸையும் கேரட்டையும் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, குளிர்நீரில் ஆற்றி, ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். உறைநிலையில் அந்த வித்துகள் சாகாவிட்டாலும் முளைக்க இயலாது. வாங்கியதும் எழுதுங்கள், முதல் முறை நீராவி வெளியேறும் பத்து நிமிடத்தை எண்ணும்போது உங்களோடு தொலைபேசியில் இருக்கிறேன்.