வீல்சேரில் இருக்கிற பெண் தனி வீடு பார்க்கலாமா?

நிலாச்சோறு:
எனக்கு வயது 26, பிறவியிலேயே பெருமூளை வாதம். கை ஓரளவு வேலை செய்யும், கால் வராது. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் தேர்வு எழுதி மத்திய அரசு வேலைக்கு வந்தேன். இப்போது மதுரையில் வீட்டோடு இருக்கிறேன். சம்பளக் கணக்கு என் பெயரில், ஏடிஎம் கார்டு அப்பா பையில். கூட வேலை பார்ப்பவரை விரும்புகிறேன், அவருக்கும் விருப்பம். வீட்டில் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "உன்னை யாரு தூக்கி உக்கார வைப்பா?" அடுத்தது, "அவனுக்கு உன் சம்பளம்தான் கணக்கு." அம்மா குளிப்பாட்டும்போதும் இதே பேச்சு. எழுந்து போகவும் முடியாதே! கல்யாணம் அப்புறம். முதலில் சென்னைக்கு மாறுதல் வாங்கி, உதவிக்கு ஆள் வைத்துத் தனியாக இருக்கப் பார்க்கிறேன். சரியா?

கணக்குப்பிள்ளை:
உங்க அப்பா கேட்டதில் என்ன தப்பு? கை, கால் பாதித்தவரைக் கட்டிக்கொள்கிறவருக்குத் தமிழக அரசே 25,000 ரூபாய், பட்டதாரி என்றால் 50,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம் தருகிறது. அரசாங்கமே ஆசை காட்டித்தான் கல்யாணம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. இதில் காதல் எங்கே வந்தது? இன்னொன்று, பெருமூளை வாதத்துக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பெற்றவர்கள்தான் பாதுகாவலர்.

சக்கரவாகம்:
அரைகுறையாகச் சொல்லாதீர்கள் அண்ணா. 18 முடிந்தபின் பாதுகாவலர் தானாக வந்துவிடுவதில்லை. விண்ணப்பம் போடணும், இவருக்குப் பாதுகாவலர் தேவையா என்று உள்ளூர்க் குழு பார்க்கணும். தேர்வு எழுதி வேலைக்கு வந்த பெண்ணுக்கு எதற்கு? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படியுங்கள். தன் பணத்தைத் தானே நிர்வகிக்க மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை இவருக்கும் உண்டு. அந்தத் தங்கக் காசு விஷயம் எனக்கும் உறுத்தும். மாற்றுத்திறனாளிகளே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டாலும் அது உண்டு என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தங்கச்சி, நான் தண்டுவடம் அடிபட்டவன், சென்னையில் தனியாகத்தான் இருக்கிறேன். வாடகைக்குப் பார்க்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள். பாதி வீடு அங்கேயே கழிந்துவிடும். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்து ஓடுகிறது, ஆனால் எல்லாத் தடத்திலும் இல்லை. அலுவலகத் தடத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏரியாவை முடிவு பண்ணுங்கள். முக்கியமாக, தூக்குகிற வேலையைக் காதலிக்கிறவர் தலையில் வைக்காதீர்கள். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் போடுங்கள்.

ராஜபாளையத்து அம்மா:
தம்பி, நீங்கள் ஆம்பளை, சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டால் இந்தப் பிள்ளையை யார் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது? முன்பின் தெரியாத ஒருத்தியிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு இருக்கணும். அவள் எப்படிப்பட்டவள் என்று யாருக்குத் தெரியும்? என் மகனும் இதே நிலைமைதான். முதுகு போய்விட்டது, இருந்தும் நான்தான் தூக்குகிறேன். எனக்கு வேறு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

சக்கரவாகம்:
அக்கா, உங்கள் முதுகு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? வெளியாளைப் பழக்குவதை நீங்கள் தெம்பாக இருக்கும்போதே செய்யலாமே. ஒருவரை மட்டும் நம்பினால் பொங்கலுக்குத் திண்டாட்டம்தான், அது உண்மை. மாற்று ஆள் ஒருவரையும் பழக்கி வைக்கணும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு ஆள் சம்பளம், சென்னை வாடகை! அப்புறம் சாப்பாட்டுக்கு?

நிலாச்சோறு:
கணக்குப் போட்டுப் பார்த்தேன் அண்ணா, இழுத்துப் பிடித்தால் வரும். மிச்சம் பெரிதாக இருக்காது. இப்போது மட்டும் என் கையில் என்ன மிச்சம்? அம்மா, நீங்கள் சொன்ன பயம் எனக்கும் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் என் போனை எடுத்துப் படிப்பது வெளியாள் இல்லை, வீட்டில் உள்ளவர்கள்தான்.

ராஜபாளையத்து அம்மா:
சரி கண்ணு. அந்தப் பையன் ஒரு நாள் முழுக்க உன்கூட இருந்து பார்த்திருக்கிறானா? நீ எழுந்து கிளம்புவதற்குள் என்ன பாடு என்று தெரியுமா அவனுக்கு?

நிலாச்சோறு:
எங்கேம்மா விட்டார்கள்? காபி குடிக்கப் போனாலே அண்ணன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான்.