தட்டம்மை வந்த 147 பேரில் 57 பேர் ஊசி போட்டவர்கள்: எங்கே இடிக்கிறது?

குறிஞ்சி (கேள்வி):
நோய்ப்பரவல் விசாரணைக்கான பயிற்சிக் கணக்கு இது. 2,000 பேர் படிக்கும் வளாகத்தில் 147 பேருக்குத் தட்டம்மை. அவர்களில் 57 பேர் இரண்டு டோஸும் போட்டவர்கள், அதாவது 39%. "போட்டவர்களுக்கே வருகிறதே" என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? இன்னொரு சந்தேகம்: வளாகத்தில் 1,900 பேர், அதாவது 95%, முழுமையாகப் போட்டவர்கள். 95% எட்டினால் பரவாது என்றுதானே படிக்கிறோம்?

வெண்காந்தள்:
அந்த 39% நோயாளிகளுக்குள் மட்டும் பிரித்த பங்கு. அதை ஓரமாக வைத்துவிட்டு இரு தரப்பையும் தனித்தனியே பாருங்க. போட்ட 1,900 பேரில் 57, அதாவது 3%. போடாத 100 பேரில் 90, அதாவது 90%. ஊசியின் திறன் = 1 − (3 ÷ 90) = சுமார் 97%. இரண்டு டோஸிடம் எதிர்பார்ப்பதே இவ்வளவுதான். 2,000 பேரும் போட்டிருந்து, அதே 3% பேருக்கு வந்திருந்தால், நோயாளிகள் 60 பேர்தான். ஆனால் அந்த 60 பேரும் "ஊசி போட்டவர்கள்" ஆகிவிடுவார்கள், பங்கு 100%! பெற்றோரிடம் சதவீதம் வேண்டாம். "போடாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்தது, போட்ட நூறு பேரில் மூன்று பேருக்கு வந்தது" என்றால் போதும்.

இளவேனில்:
கணக்கு சரி. ஆனால் களத்தில் மொத்த எண்ணிக்கை இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. நோயாளிகளின் விவரம் மட்டும் கையில் இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு: நோயாளிகளில் போட்டவர் ÷ போடாதவர் (57 ÷ 90 = 0.63). இதை மக்கள்தொகையில் போட்டவர் ÷ போடாதவரால் (95 ÷ 5 = 19) வகுத்து, விடையை 1-லிருந்து கழியுங்க. அதே 97% வரும். இதில் மாட்டுவது அந்த 95. உண்மையில் 95 ஆக இருந்து பதிவேட்டில் 80 என்று இருந்தால், திறன் 84%-க்கு இறங்கிவிடும். ஊசியில் ஒரு குறையும் இருக்காது, பதிவேடுதான் பொய் சொல்லியிருக்கும்.

யாரை "போட்டவர்" பட்டியலில் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தடிப்பு வருவதற்கு முந்தைய 14 நாளுக்குள் போட்டவரைச் சேர்க்காதீங்க, பாதுகாப்பு உருவாக நேரம் இருந்திருக்காது. அட்டை பார்த்து எழுதியதையும் தாய் நினைவிலிருந்து சொன்னதையும் தனித்தனிப் பத்தியில் வையுங்க. பரவல் நேரத்தில் முகாம் நடந்திருந்தால் இன்னொரு சிக்கல்: ஊசியாலேயே சுமார் 5% பேருக்கு ஒரு வாரம் பத்து நாளில் லேசான தடிப்பு வரும், புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். எதிர்ப்புப் பொருள் இரத்தச் சோதனையும் பாசிட்டிவ் காட்டும். தொண்டைச் சளி மாதிரியில் பி.சி.ஆர். செய்து வைரஸ் வகையைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். ஊசியில் இருப்பது 'ஏ' வகை.

குறிஞ்சி:
சரி, இது புரிகிறது. 95% இருந்தும் எப்படிப் பரவியது?

வெண்காந்தள்:
95% பேர் போட்டார்கள், அவர்களில் 97% பேருக்கு ஊசி பிடித்தது, அதாவது எதிர்ப்பு உருவானது. ஆக எதிர்ப்பு உள்ளவர்கள் சுமார் 92%. யாருக்கும் எதிர்ப்பு இல்லாத இடத்தில் தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைப்பார் என்பது பாடப்புத்தக எண். 15 என்று வைத்தால், எதிர்ப்பு இல்லாதவர்கள் 8% என்பதால் 15 × 0.08 = 1.2. ஒன்றுக்கு மேல் போனாலே பரவல் வளரும், மெதுவாகத்தான் என்றாலும். அதுவும் போடாத 100 பேர் வளாகம் முழுக்கச் சிதறியிருந்தால்தான் இந்தக் கணக்கு. 40 பேர் வகுப்பில் 25 பேர் போடாதவர்கள் என்றால் அந்த அறைக்குள் எண் 9-ஐத் தாண்டும். சராசரிக் கவரேஜ் (ஊசி போட்டவர்களின் பங்கு) எவ்வளவு என்பதைவிட, போடாதவர்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

செங்கொன்றை:
திறன் உண்மையிலேயே 60, 70 என்று வந்தால் தேட வேண்டிய இடங்கள் இரண்டு. முதலில் வயது. 9 மாதத்தில் போட்ட முதல் டோஸ் சுமார் 85% பேருக்குத்தான் பிடிக்கும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ஊசியைத் தடுத்துவிடும். மீதிப் பேருக்காகத்தான் இரண்டாம் டோஸ்.

அடுத்தது குளிர்ப்பெட்டி. தட்டம்மை ஊசி உலர்பொடி. பொடி உறைந்தால் கெடாது, சூடும் வெளிச்சமும்தான் அதற்கு எதிரி. கரைக்கும் நீரை உறைய விடக்கூடாது, குப்பி வெடிக்கும். அதே நிறுவனம் அந்த ஊசிக்கென்று தந்த நீரை மட்டும், 2–8 டிகிரிக்குக் குளிர்வித்துக் கலக்க வேண்டும். கலந்த பிறகு 6 மணி நேரம் அல்லது முகாம் முடியும் வரை, எது முந்துகிறதோ அதுவரைதான். கிருமித்தடுப்புப் பொருள் கிடையாது என்பதால் மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தால் பாக்டீரியா வளர்ந்து உயிரையே எடுக்கும்.

நீரில் நடக்கும் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான சமோவா சாட்சி. 2018 ஜூலையில் தண்ணீருக்குப் பதில் தசைத்தளர்வு மருந்தைக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசித் திட்டம் நிறுத்தப்பட்டது, நம்பிக்கையும் போனது, கவரேஜ் சுமார் 31%-க்கு விழுந்தது. 2019-இல் தட்டம்மை வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு குழந்தைகள்.

குறிஞ்சி:
நோயாளி ஒருவர் உறுதியானதும் அருகில் இருந்தவர்களுக்கு என்ன செய்வது?

இளவேனில்:
தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிகள், எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் ஆகியோருக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்). உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிக்கு ஊசி கிடையாது. 6–8 மாதக் குழந்தைக்குப் பரவலை ஒட்டிப் போடும் டோஸை அட்டவணைக் கணக்கில் சேர்க்காதீங்க, வழக்கமான இரண்டும் பாக்கிதான். நோயாளிக் குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ: ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 2 லட்சம் யூனிட், 6–11 மாதத்துக்கு 1 லட்சம், அதற்குக் கீழே 50,000.

72 மணி நேரத்தை நம்பி மட்டும் இருக்காதீங்க. தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கியிருக்கும், உங்களுக்குத் தகவல் வரும்போது முதல் வட்டத்தில் பலருக்குக் கெடு தாண்டியிருக்கும். அவர்களை 21 நாள் கண்காணிப்பில் வையுங்க. முதல் வட்டத்தில் தடிப்பு தோன்ற ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த வட்டத்துக்குப் போட்டு முடித்தால்தான் சங்கிலி அறுபடும்.