ஆதியாகமம் 15இல் இரத்தம் எங்கே?

பழைய ஏடு: நேற்று இங்கே ஒருவர் எழுதியது: ஆபிராமும் தேவனும் வெட்டிய மிருகங்களின் நடுவே இரத்தத்தில் நடந்து சத்தியம் செய்தார்களாம், தாவீதும் யோனத்தானும் மணிக்கட்டைக் கீறி அதையே செய்தார்களாம். படித்ததும் காபி புரையேறிவிட்டது. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. வெட்டினான், சரி. அந்த அதிகாரத்தில் இரத்தம் என்ற சொல் ஒரு தடவையாவது வருகிறதா?

ஏலிம் நீரூற்று: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிவிடாது. கிடாரியை நடுவாகத் துண்டித்தால் என்ன வரும் பிரதர், இளநீரா?

பழைய ஏடு: இரத்தம்தான் வரும். ஆனால் ஆதியாகமத்தை எழுதினவர் அதைப் பேசவில்லையே! யாத்திராகமம் 24இல் மோசே பாதி இரத்தத்தைப் பாத்திரங்களில் வார்க்கிறார், பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார், அப்புறம் ஜனங்கள்மேல் தெளித்து 'உடன்படிக்கையின் இரத்தம்' என்று வாய்விட்டே சொல்கிறார். 15இல் அது இல்லை. இன்னொன்று, ஆபிராம் நடக்கவே இல்லை. அயர்ந்து தூங்குகிறான். துண்டங்களின் நடுவே போனது நெருப்பு.

தோல்சுருள்: சத்தியம் வேறு, உடன்படிக்கை வேறு, பலி வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

ஏலிம் நீரூற்று: எரேமியா 34:18, 19. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே போனவர்கள் யூதாவின் பிரபுக்கள். நடக்கிற வழக்கம் இருந்திருக்கிறதே?

பழைய ஏடு: அவர்கள் நடந்தார்கள், ஆபிராம் நடக்கவில்லை. அவர்கள் அடிமைகளை விடுதலை செய்துவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டவர்கள். 'சொல் தவறினால் இந்தக் கன்றின் கதிதான்' என்பதே அந்தச் சடங்கு. சிரியாவில் செஃபிரே என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டும் இதைத்தான் சொல்கிறது: இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல, (உடன்படிக்கை செய்த அரசன்) மத்தியேல் வெட்டப்படட்டும். எபிரேயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது', காரத், என்பார்கள். வெட்டுதான் விஷயம். இரத்தத்தில் கால் நனைப்பது உங்கள் கற்பனை. 15இல் இரத்தம் என்ற சொல் எங்கே?

ஊசிமுனை: வந்துவிட்டார் எபிரேய வாத்தியார். போன மாதம் தசமபாக விவாதத்தில் 'காரத் என்றால் காரட்டா' என்று கேட்டதற்கு என்னைத் தடை செய்யச் சொல்லி மட்டுறுத்துநரிடம் போனவர் இவர்தான். நான் மறக்கவில்லை.

பழைய ஏடு: காரட்டுக்காகப் போகவில்லை. என் தாத்தாவை இழுத்தீர்கள், அதற்காகப் போனேன்.

ஏலிம் நீரூற்று: எபிரெயர் 9:18. முதலாம் உடன்படிக்கையும் இரத்தமில்லாமல் பிரதிஷ்டை பண்ணப்படவில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

பழைய ஏடு: அடுத்த வசனத்தையும் படியுங்கள். மோசேயின் பெயர் இருக்கும். அது மோசே காலத்துச் சீனாய் மலை உடன்படிக்கை, ஆபிராம் கதை இல்லை. யோனத்தான் கதைக்கு 1 சாமுவேல் 18:4. தாவீதுக்குச் சால்வை, வஸ்திரம், பட்டயம், வில், கச்சை கொடுத்தான். கத்தி மணிக்கட்டுப் பக்கமே போகவில்லை. சொந்த இரத்தத்தை மதுவில் கலந்து குடித்து உடன்படிக்கை செய்தவர்கள் சீத்தியர்கள் என்ற நாடோடி மக்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பைபிளையும் அதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

தோல்சுருள்: உப்பு உடன்படிக்கை என்றுகூட ஒன்று இருக்கிறது, எண்ணாகமம் 18:19. அதனால்தான் முதலில்...

ஊசிமுனை: ஆபிராம் பட்சிகளை மட்டும் ஏன் துண்டிக்கவில்லை? அதற்கும் எபிரேயத்தில் ஏதாவது வைத்திருப்பாரே.

ஏலிம் நீரூற்று: சின்னப் பறவை, பிரதர். லேவியராகமம் 1:17ஐப் பாருங்கள், பலிக்கு வரும் பறவையையும் இரண்டாக்க மாட்டார்கள்.

பழைய ஏடு: பேச்சைப் புறா பக்கம் திருப்பாதீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. ஆதியாகமம் 15, எத்தனையாவது வசனம்?

ஏலிம் நீரூற்று: ஆராதனை முடித்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பழைய ஏடு: போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள்.