மருமகளின் பள்ளிப் பாடம்: ஃபிளெச்சர், வெப்ஸ்டர், தொம்சன், பிரைஸ்... அப்போ சின்னப்பு?

மாங்குளத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் லண்டனில் இருக்கிறது, மகளுக்குப் பத்து வயது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப் பெயருக்கு என்ன கருத்து, அது எப்படி வந்தது என்று எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். கூடப் படிக்கிறவர்கள் ஃபிளெச்சர், வெப்ஸ்டர், தொம்சன், பிரைஸ். நேற்றிரவு எனக்கு அழைத்து, "மாமா, சின்னப்பு எண்டா என்ன?" என்று கேட்கிறாள்.

சின்னப்பு என்பது அத்தானின் தகப்பனார் பெயர், இங்கே கமம் செய்தவர். கடவுச்சீட்டில் அத்தானின் பெயருக்குப் பின்னால் அது இருந்தபடியால் அங்கே அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். இப்போது அக்காவும் சின்னப்பு, பிள்ளைகளும் சின்னப்பு. எனக்கு இது நெடுநாளாக மனதுக்குள் கிடக்கிற விஷயம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே. படிவம் நிரப்பியபோது வந்த பெயர் என்று சொன்னால் பிள்ளை எதை எழுதுவாள்? வெள்ளைக்காரரின் பெயர்கள் எப்படி வந்தன என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

வவுனிக்குளம்:
தம்பி, ஃபிளெச்சரும் வெப்ஸ்டரும் தொழில் பெயர்கள். ஃபிளெச்சர் அம்பு செய்கிறவர். அது பிரெஞ்சுக்காரரின் அம்பு என்ற சொல்லில் இருந்து வந்தது. வெப்ஸ்டர் நெசவு செய்கிறவர், அதிலும் அந்தக் கடைசி "ஸ்டர்" பழைய ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்கிற விகுதி, ஆகவே தொடக்கத்தில் அது தறியில் இருந்த ஒரு பெண்ணின் பெயர். பிறகு ஆண்களுக்கும் வந்துவிட்டது. ஸ்மித் கொல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும், ஊருக்கு ஒரு கொல்லர் வேண்டும் என்பதால்தான் இங்கிலாந்தில் அந்தப் பெயர் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். வோக்கர் என்பதை நடக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், நெய்த துணியைத் தண்ணீரில் போட்டுக் காலால் மிதித்து இறுக்குகிறவர் அவர். தாட்சர் என்றால் கூரை வேய்கிறவர். நாங்கள் கிடுகு வேய்ந்த மாதிரி அவர்கள் வைக்கோலும் நாணலும் வேய்ந்தார்கள்.

கனகராயன்:
இடப் பெயர்களை விட்டுவிட்டீர்கள். வன்னியில் பிறந்தவனுக்கு அதுதான் சுலபமாக விளங்கும். எங்கள் ஊர்ப் பெயர்களில் குளம், மடு, மோட்டை, முறிப்பு, காடு என்று முடிகிற மாதிரி அவர்களுக்கும் முடிவுகள் உண்டு. "லி" என்று முடிந்தால் அநேகமாகக் காட்டுக்குள் வெட்டித் திறந்த வெளி: ஸ்டான்லி என்றால் கல் நிறைந்த வெளி, ஆஷ்லி என்றால் ஆஷ் மரங்கள் நின்ற வெளி. "ஃபோர்ட்" ஆற்றை நடந்து கடக்கிற துறை. "டன்" வேலியடைத்த வளவு, பிறகு ஊர். அந்த ஊரை விட்டு வந்தவரை மற்ற ஊர்க்காரர் அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், எங்களை "முள்ளியவளையார்" என்று சொல்வதைப்போல.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நெடுங்காலம் வடமாகாணத்தை ஆண்ட அரசாங்க அதிபரின் பெயர் டைக். அதற்குக் கருத்து வெட்டிய கால்வாய் அல்லது மண்ணால் எழுப்பிய அணைக்கட்டு. குளக்கட்டோரத்தில் குடியிருக்கிற ஒருவரை நாங்கள் என்ன சொல்லுவோம்? கட்டடியார்! அதேதான்.

மல்லாவி ரீச்சர்:
தம்பி மாங்குளத்தான், உங்களுக்கு மனதில் கிடக்கிற அந்த விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் பிழையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தொம்சன் என்றால் தோமஸின் மகன். பிரைஸ் வேல்ஸ் நாட்டுப் பெயர், "ஆப் ரீஸ்", அதாவது ரீஸின் மகன், வேகமாகச் சொல்லிச் சொல்லி "ஆப்" இல் இருந்த ஒலி ஒட்டிக்கொண்டு பிரைஸ் ஆனது. ஜோன்ஸ், வில்லியம்ஸ், ரொபர்ட்ஸ் என்பவற்றின் கடைசி "ஸ்" உம் அதைத்தான் சொல்கிறது. ஆக அந்த வகுப்பில் பாதிப்பேரின் குடும்பப் பெயர் யாரோ ஒருவரின் தகப்பன் பெயர்தான்!

1066 இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வில்லியம், ரிச்சர்ட், ரொபர்ட் என்று சில பெயர்களையே எல்லோரும் வைக்கத் தொடங்கினார்கள். ஒரு ஊரில் பத்து வில்லியம் இருந்தால் எந்த வில்லியம்? ஆகவே ஜோனின் மகன், கொல்லர், சிவப்புத் தலைமயிர்க்காரர் என்று சேர்த்துச் சொன்னார்கள். முதலில் அது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறியது, எங்களுடையதைப் போலவே. பிறகு காணி உரித்து, வரிப் பட்டியல் என்று எழுத்தில் வர வர உறைந்துபோனது. 1400 அளவில் இங்கிலாந்தில் பெரும்பாலும் நிலைத்துவிட்டது, வேல்ஸில் இன்னும் பிந்தியது, ஐஸ்லாந்தில் இன்றைக்கும் உறையவில்லை, மகனுக்குத் தகப்பன் பெயர்தான். எழுத்தர் ஒருவர் பட்டியலில் எழுதியதே நிலைத்துவிட்டது என்றால் அத்தானின் படிவத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவர்களுக்கு அறுநூறு வருடத்துக்கு முந்தி நடந்தது உங்கள் அக்கா வீட்டில் இப்போது நடந்திருக்கிறது.

சரி, சின்னப்புவுக்கு வருவோம். அத்தான் குடும்பம் மடு மாதா கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பமா?

மாங்குளத்தான்:
ஓம் ரீச்சர், ஒவ்வொரு ஆவணியும் மடுத் திருநாளுக்குப் போவார்கள். நாங்களும்தான்.

மல்லாவி ரீச்சர்:
அப்படியென்றால் அது சின்னப்பர், புனித பவுல், ஆங்கிலத்தில் போல் (Paul). பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று கருத்து, அதைத் தமிழாக்கித்தான் சின்னப்பர். முடியப்பரும் அப்படித்தான், ஸ்டீபன் கிரேக்கத்தில் கிரீடம். ஜோனுக்கு எபிரேயத்தில் கடவுள் அருளினார் என்று பொருள், எங்களுக்கு அருளப்பர். ஆகவே பிள்ளை எழுதலாம்: "என் பெயர் இங்கிலாந்தில் உள்ள போல்சன் என்ற பெயருக்குச் சமம்." தொம்சன் என்கிற பிள்ளைக்கும் ஒரு செய்தி சொல்லச் சொல்லுங்கள், தோமஸ் என்றால் அரமேய மொழியில் இரட்டையர், எங்கள் இரணைமடுக் குளத்தின் பெயரில் இருக்கிற அதே இரணை.

கனகராயன்:
ரீச்சர், ஜோர்ஜுக்கும் ஒன்று சேர்த்துவிடுங்கள். கிரேக்கத்தில் மண்ணில் பாடுபடுகிறவர், கமக்காரர்.

மாங்குளத்தான்:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. ரீச்சர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், அக்காவும் பக்கத்தில் இருந்து கேட்டாள், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை இரணைமடுவின் படம் ஒன்று அனுப்பச் சொல்கிறாள், நாளைக்குக் காலையில் குளக்கட்டில் நின்று எடுத்து அனுப்பப்போகிறேன். அப்புறம் இன்னொரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. சின்னப்பு அப்பாவின் தகப்பன் பெயர் சந்தியோகு, அவருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

மல்லாவி ரீச்சர்:
ஜேம்ஸ். போர்த்துக்கேயர் சந்தியாகோ என்று சொன்னார்கள், சந்த் என்றால் புனிதர், மிச்சம் யாகோ, அதாவது யாகோபு. ஆங்கிலத்து ஜேம்ஸும் அதே யாகோபுதான், பிரெஞ்சு வழியாகப் போய்த் திரிந்தது. சின்னப்பு அப்பா அந்த நாளில் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அவர் பெயர் "போல் ஜேம்சன்".