ஸ்ப்ளெண்டர் இன்ஜின் இறக்குறேன், கடைசி மவுண்ட் போல்ட் வரமாட்டேங்குது

காசிமேடு100
2009 ஸ்ப்ளெண்டர் பிளஸ். அடியில் கடகடன்னு சத்தம், இழுவையில் இன்னும் கூடுது. ஆயில் இறக்கிப் பார்த்தா காந்தத்தில் ஒட்டுற தூள். கிராங்க் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுத்தா மாத்துற உள் தண்டு) வேலைன்னு முடிவு பண்ணி வாசல்லயே கழட்ட ஆரம்பிச்சேன். டேங்க், கார்ப்பரேட்டர், சைலன்சர், செயின், கிளட்ச் கேபிள், மேக்னட் (கரண்ட் எடுக்கிற காந்தச் சக்கரம்) ஒயர் கப்ளர் எல்லாம் கழட்டியாச்சு. இன்ஜினை ஃப்ரேமோட பிடிக்கிற மவுண்ட் போல்ட்டும் ஒண்ணொண்ணா வந்துடுச்சு. பின்னாடி கீழே இருக்கிறது மட்டும் நட்டு கழண்டும் போல்ட் அசையல. சுத்தியல்ல அடிச்சதில் நுனி மரை மலர்ந்துபோச்சு. கேஸ் அடுப்பு டார்ச் காட்டலாமா?

ஸ்பேனர்14
டார்ச் வேணாம் தம்பி. பக்கத்திலேயே ஒயரிங், ஆயில் சீல், கழட்டின கார்ப்பரேட்டர்ல சொட்டுற பெட்ரோல். முதல்ல சுத்தியலைக் கீழ வை.

மத்த போல்ட்டை எல்லாம் எடுத்துட்டதால மொத்த இன்ஜினும் அந்த ஒத்தை போல்ட்ல தொங்குது. துரு மட்டும் இல்ல, அந்த எடையும் அதைக் கவ்விப் பிடிக்குது. வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருக்கட்டும். கிராங்க் கேஸுக்கு (இன்ஜினோட அலுமினியக் கூடு) அடியில் ஒரு மரப்பலகை, அதுக்குக் கீழே ஜாக்கி. ஜாக்கி தலை நேரா அலுமினியத்தில் பட்டா கேஸ் விரிசல் விடும், பலகை கட்டாயம். மெதுவா ஏத்திக்கிட்டே முன்பக்க மவுண்ட் ஓட்டைகளைப் பாரு. ஃப்ரேம் ஓட்டையும் இன்ஜின் ஓட்டையும் நேரா வந்து, அந்தப் போல்ட்டுகளை விரலால தள்ளினாலே உள்ள போகணும். அதுதான் சரியான உயரம். அதுக்கு மேல ஏத்தினா போல்ட் எதிர்ப்பக்கம் இறுகும்.

அப்புறம் மலர்ந்த மரையை அரத்தால தேய்ச்சு, நட்டு சுலபமா ஏறுற மாதிரி பண்ணு. இல்லைன்னா அந்த நுனியே உள்ள போய் ஓட்டையைக் கீறும். ரெண்டு பக்கமும் துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க விடு. காலையில அடிக்காதே, திருப்பு. போல்ட் தலையில ரிங் ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஃபிக்ஸ் ஸ்பேனர் போட்டா தலை ரவுண்டு ஆயிடும். சுத்த ஆரம்பிச்சதும் நட்டை போல்ட் நுனி மட்டத்துக்கு ஏத்தி, மேல பித்தளைத் துண்டு வச்சு தட்டு.

வியாசர்பாடி_வால்வு
கடல் பக்கம் ஓடுற வண்டிக்கு இது வழக்கம். உப்புக் காத்துல இரும்பு போல்ட்டும் அலுமினியக் கேஸும் சேர்ந்த இடத்தில் வெள்ளையா பவுடர் மாதிரி பூத்து ஓட்டையை அடைச்சுடும். ஸ்ப்ரே மட்டும் பத்தலைன்னா ஹாட் ஏர் கன் வச்சு கேஸைச் சூடாக்குங்க, போல்ட்டை இல்லை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், ஓட்டை தளரும். ஸ்ப்ரே ஈரத்தைத் துடைச்சுட்டு, டேங்கையும் கார்ப்பரேட்டரையும் தள்ளி வச்சுட்டுத்தான் சூடு.

அப்பவும் வரலைன்னா ஃப்ரேமுக்கும் கேஸுக்கும் நடுவுல இருக்கிற சந்தில் ஆக்சா பிளேடு விட்டு அறுத்துடுங்க. போல்ட் போனா போகட்டும், கேஸ் தப்பிக்கும்.

லேத்து_பக்கம்
வராததே நல்லதா போச்சுன்னு சொல்லுவேன். மேக்னட் நட்டு, முன் ஸ்ப்ராக்கெட் போல்ட், கிளட்ச் பக்கத்து லாக் நட்டு இதெல்லாம் லூஸ் பண்ணிட்டீங்களா? இறக்கினதுக்கு அப்புறம் இன்ஜின் தரையில உருளும், நட்டு அசையாது. அப்பதான் உளி வச்சு அடிச்சு நாசம் பண்ணுவாங்க.

மவுண்ட் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டி இறுக்குங்க. செயினையும் மாட்டி, டாப் கியர் போட்டு, ஒருத்தர் பின் பிரேக்கை மிதிச்சா கிராங்க் சுத்தாது. அப்ப எல்லாத்தையும் லூஸ் பண்ணிடுங்க. நாலு பள்ளம் போட்ட லாக் நட்டுக்குன்னு தனி சாக்கெட் டூல்ஸ் கடையில கிடைக்கும். மேக்னட்டைப் புல்லர் (இழுத்துக் கழட்டுற டூல்) போட்டு மட்டும் எடுங்க, தட்டினா கிராங்க் கோணிடும்.

காசிமேடு100
ஜாக்கி வச்சதும் முன் போல்ட் விரலாலயே போச்சு. மேல சொன்ன நட்டெல்லாம் லூஸ் பண்ணியாச்சு. ராத்திரி ஊறவச்சு காலையில திருப்பினேன், வந்துடுச்சு. போல்ட் நடுவுல துரு தின்னு இளைச்சிருக்கு. அதையே போடலாமா? கிராங்க் வேலைக்கு லேத் பட்டறைக்கு என்ன கொண்டு போகணும்?

ஸ்பேனர்14
போடாதே. தலையில 8.8-னு (பலத்தோட குறி) எழுதின போல்ட், அதே நீளம், மரை இல்லாத பகுதியும் அதே நீளம். நீளம் முழுக்க மரை ஓடுற போல்ட் வேணாம், ஓட்டையைத் தின்னுடும். போடும்போது லேசா கிரீஸ் தடவு. தூக்கும்போது ரெண்டு பேர், முன்சக்கரத்தைக் கட்டிட்டு. இன்ஜின் போனதும் பாரம் பின்னாடி சாயும்.

லேத்து_பக்கம்
முதல்ல பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடை மேலும் கீழும் நேரா இழுத்துப் பாருங்க. துளி ஆட்டம் இருந்தாலும் ராடு கிட் மாத்தணும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தா தப்பில்லை, அதுக்கு இடம் விட்டுத்தான் செய்யறாங்க. புது ராடு போட்டு பிரஸ் பண்ணின கிராங்கை டயல் கேஜில் (கோணலை அளக்கிற மீட்டர்) சுத்திக் காட்டச் சொல்லுங்க, கோணல் 0.05 மி.மீ.க்குள்ள இருந்தா வாங்குங்க. சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் பண்றதா இருந்தா பிஸ்டனை முன்னாடியே வாங்கி சிலிண்டரோட கொடுக்கணும், பிஸ்டன் அளவுக்குத்தான் போர்.

தூள் இருந்த இன்ஜின்னு மறக்காதீங்க. ஆயில் பம்பு, ஆயில் வடிகட்டுற வலை, கிராங்க் நுனியில சுத்துற ஃபில்டர் கிண்ணம் மூணையும் கழுவாம மூடினா புது ராடும் அதே வழிதான். பழைய பேரிங்கையும் அப்படியே விடாம மாத்திடுங்க.

வியாசர்பாடி_வால்வு
இன்னொண்ணு, கேஸ் உடைஞ்சிருந்தா புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில பழைய கேஸ் மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. இன்ஜின் நம்பர் அதுலதான் இருக்கு, ஆர்சி புத்தகத்தோட ஒத்துப்போகாது. கழுவின டீசலும் பழைய ஆயிலும் கேன்ல பிடிச்சு ஆயில் மாத்துற கடையில கொடுங்க, வாசல் கால்வாயில வேணாம்.