முடி நட்டபின் பின்மண்டையில் சீழ்: பொறுத்துப் பார்க்கலாமா, உடனே டாக்டரிடம் போகணுமா?

செம்பனைத் தம்பி (சுங்கை சிப்புட்)
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில் எஃப்.யு.இ. முறையில் (பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து நடுவது) முடி நட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் ஆகப் போகிறது. முதலில் நெற்றி வீங்கி, பிறகு வடிந்தது. பொருக்கும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. இப்போது பின்மண்டையில் முடி எடுத்த இடத்தில் பருக்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் மஞ்சளாகச் சீழ் தெரிகிறது, நேற்றிலிருந்து விண்விண்ணென்று வலி. எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, ஹெல்மெட் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், பதில் இல்லை. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாம் என்கிறார். தங்கைக்குப் பல்வலிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் மிச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பூச்சோங்காரன்
பயப்படாதீங்க தம்பி. எனக்கும் பரு வந்தது. புது முடி தோலை முட்டிக்கொண்டு வரும்போது அப்படி வருமாம். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினேன், தானாகப் போய்விட்டது.

தாதி அக்கா (ஈப்போ)
அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் அந்தப் பரு பெரும்பாலும் சில வாரம் கழித்து, முடி முளைக்கும் சமயத்தில் வருவது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், வலி பெரிதாக இருக்காது. உங்களுக்கோ குறைந்துகொண்டு வந்த வலி திரும்பிக் கூடுகிறது. நான் கவனிப்பது அதைத்தான். சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் ஆரம்பத்தில் இருப்பது சகஜம், நாளுக்கு நாள் குறையணும். குறைந்தது திரும்பக் கூடினால் கிருமி பிடித்திருக்கலாம்.

தொட்டால் சுடுகிறதா? சிவப்பு பரவுகிறதா? நாற்றம் வருகிறதா? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? காய்ச்சல் எவ்வளவு? சர்க்கரை நோய் உண்டா? தோல் எங்காவது கருத்துப் போயிருந்தால் அது வேறு சிக்கல். அங்கே ரத்தம் போகாமல் இருக்கலாம், அன்றைக்கே காட்டணும்.

மஞ்சள், வேப்பிலை, எண்ணெய் எதுவும் வேண்டாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆறாத துளைகளில் அரைத்த விழுது போனால் அதுவே கிருமிக்கு வழி. தங்கையின் மாத்திரையைத் தொடவே வேண்டாம். இந்தக் கிருமிக்கு அது கேட்குமா என்று தெரியாது, பாதி டோஸ் போட்டால் பிறகு சோதனையில் கிருமி சரியாகப் பிடிபடாமலும் போகலாம். பருவைப் பிதுக்காதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். அறுவைக்குப் பிறகு தலைத்தோல் கொஞ்ச நாள் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்து போகும். அதனால் வெந்நீர் ஒற்றடமும் டாக்டரைக் கேட்டுத்தான்.

செம்பனைத் தம்பி
சர்க்கரை இல்லை அக்கா. காய்ச்சல் 37.6. தொட்டால் சூடாக இருக்கிறது. காலையில் எடுத்த படத்தைவிடச் சிவப்பு அகலமாகத் தெரிகிறது.

தாதி அக்கா (ஈப்போ)
சரி, இன்றைக்கே போய்விடுங்கள். 38 தொடட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு 1 ரிங்கிட்தான். தனியார் இடத்தில் செய்தது என்று கூச்சப்படாதீர்கள், அவர்கள் கொடுத்த மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். சீழைப் பஞ்சில் எடுத்துச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். ஹெல்மெட் உரசக் கூடாது, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வாங்குங்கள். குளிரில் நடுங்கினாலோ, முகம் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு, முடியாவிட்டால் 999.

செம்பனைத் தம்பி
போய் வந்தேன். கிருமிதான் என்று டாக்டர் சொல்லி, சீழ் எடுத்து அனுப்பிவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார். எம்.சி.யும் கிடைத்தது. கோலாலம்பூர் கிளினிக்கும் இப்போதுதான் கூப்பிட்டது, மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். நட்ட முடி செத்துவிடுமா அக்கா? அதற்குத்தான் இத்தனை நாள் பணம் சேர்த்தேன்.

தாதி அக்கா (ஈப்போ)
முன்பக்கம் சுத்தமாக இருந்தால் நட்ட வேருக்கு ஆபத்து குறைவு. மேலோட்டமான கிருமி பொதுவாகத் தழும்பு விடாது. ஆழமாக இறங்கினால்தான் வேர் கெடும். இன்னும் சில வாரத்தில் நட்ட முடி கொட்டும், அது இதனால் இல்லை, பெரும்பாலானவர்களுக்குக் கொட்டி மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கத் தொடங்கும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கொடுத்ததை முடிக்கணும். இரண்டு நாளில் சிவப்பு குறையவில்லை என்றால் மறுபடி போய்க் காட்டுங்கள், சோதனை முடிவைப் பார்த்து மருந்தை மாற்றுவார்கள். தலையணை உறையைத் தினமும் மாற்றச் சொல்லுங்கள் அம்மாவிடம்.