தொலைந்தவர் திரும்பும் முன்பே தேவன் தேடுகிறாரா?

கேள்வி:
லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், மேய்ப்பன் 99 ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகிறான். ஆனால் அதே அதிகாரத்தின் மற்றோர் உவமையில், வீட்டைவிட்டுப் போன இளைய குமாரனைத் தேடித் தந்தை போகவில்லை. மனந்திரும்பும்வரை தேவ அன்பு காத்துத்தான் இருக்குமா?

பதில் 1:
இல்லை என்றே நம்புகிறேன். இளைய குமாரன் தூரத்தில் வரும்போதே தந்தை கண்டு, மனதுருகி, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டார். மகன் வாய்திறக்கும் முன்பே இவை நடந்துவிட்டன. தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்கவே அவன் எண்ணி வந்தான். அதைச் சொல்லுமுன்னே உயர்ந்த வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் பாதரட்சைகளுக்கும் கட்டளை பிறந்துவிட்டது.

பதில் 2:
மூத்த குமாரனையும் மறக்கலாகாது. தம்பியை வரவேற்றதற்காகக் கோபித்து வெளியே நின்றவனை, தந்தையே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். பாவிகளோடு இயேசு உண்பதைக் கண்டு முறுமுறுத்த, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினரான பரிசேயருக்கே இவ்வுவமைகள் சொல்லப்பட்டன என்பதால், வீட்டிலிருந்தபடியே தொலைந்தவர்களும் தேடப்படுகிறார்கள்.

கேட்டவர்:
நன்றி. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்னும் ரோமர் 5:8 இப்போது நன்றாக விளங்குகிறது.